ஒப்பாரியை வாக்குமூலமாக்கியவன்

புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் என்னிடம் கேட்டது தலைப்பு எழுதுவதைப் பற்றி. அதை உங்கள் மேசையில் இருப்பவர்கள் என்னைவிட நன்றாகச் சொல்லித் தருவார்கள். நான் வேறொன்று சொல்கிறேன். நம் நாளிதழின் திருப்பதிப் பதிப்பில் முப்பத்தொரு ஆண்டுகள் வேலை பார்த்தேன். ஓய்வுபெற இரண்டு ஆண்டுகள் இருந்தபோது ஒரு கட்டுரை எழுதினேன். அதில் எழுத்துப் பிழை இல்லை, தகவல் பிழை இல்லை. மேற்கோள் காட்டிய வரி சொல்லுக்குச் சொல் சரியானது. அந்தக் கட்டுரையால், அதற்கு முன்பே இறந்துபோயிருந்த ஒரு பெண்ணின் மேல் அரசாங்கக் காகிதத்தில் ஒரு பழி ஏறியது. இன்றுவரை இறங்கவில்லை.

ஞாயிறு இணைப்பில் நான் வாரம் ஒரு சொல்லைப் பற்றி எழுதிவந்தேன். ஒரு சொல் எங்கே பிறந்தது, எப்படிப் பொருள் மாறியது என்று நானூறு சொற்களில் எழுத வேண்டும். பத்திக்கு வாசகர்கள் இருந்தார்கள். திருமலையில் கைங்கர்யம் செய்யும் ஒரு பெரியவர் மாதம் தவறாமல் அஞ்சலட்டையில் திருத்தம் அனுப்புவார். புத்தூரில் ஒரு தமிழாசிரியை என் பத்தியை வகுப்பில் படித்துக் காட்டுவதாகச் சொன்னார். இதெல்லாம் ஒரு மனிதனைக் கெடுக்கப் போதுமானது.

அந்த வாரம் எடுத்துக்கொண்டது கிரேக்கர்களின் ஒரு பழைய சொல். நிம்ஃபோலெப்ஸி. நிம்ஃப் என்றால் சுனையிலும் ஆற்றிலும் மரத்திலும் குடியிருக்கும் தெய்வக் கன்னி. மணப்பெண்ணுக்கும் அவர்களிடம் அதே சொல்தான். இரண்டாம் பாதிக்குப் பிடித்தல் என்று பொருள். நீர்க்கன்னியர் பிடித்துக்கொண்ட நிலை. குகைச் சுனைக்குப் பக்கத்தில் தனியே வாழ்ந்து குறி சொன்னவர்களை முதலில் அப்படிச் சொன்னார்கள். நீரில் மூழ்கி இறந்த பிள்ளைகளின் கல்லறைகள் சிலவற்றில், நிம்ஃபுகள் இவளைக் கவர்ந்து சென்றார்கள் என்று பெற்றோர் வெட்டி வைத்தார்கள். ரோமானியர் கைக்குப் போனபோது அது வெறிபிடித்தவன், பித்தன் என்ற பொருளுக்கு வந்தது. இன்னும் பல நூற்றாண்டு கழித்து ஆங்கிலக் கவிஞர்கள் அதை எடுத்து, கைக்கு எட்டாத அழகின் மேல் கொள்ளும் ஏக்கம் என்று ஆக்கினார்கள்.

நமக்கும் அப்படி ஒரு சொல் உண்டு. அணங்கு. பழைய பாடல்களில் அது மலையிலும் சுனையிலும் இருந்து மனிதரை வருத்தும் தெய்வம். அந்த வருத்தத்துக்கும் அதுவே பெயர். பிறகு அழகிய பெண் என்று ஆயிற்று. இப்போது திருப்பதியில் பட்டுப்புடவைக் கடை விளம்பரத்தில், அணங்குகளே வருக என்று போடுகிறார்கள். சொல் நம்மிடம் வந்து சேர்வதற்குள் அதிலிருந்த வலி முழுவதும் கழன்றுவிட்டது. இதுதான் என் கட்டுரையின் போக்கு. உயிருள்ள எடுத்துக்காட்டு ஒன்று மட்டும் குறைந்தது.

புதன்கிழமை எங்கள் சித்தூர் நிருபரிடமிருந்து கைப்பேசியில் ஒரு குரல் பதிவு வந்தது. உற்சாகமான ஆள்.

“அண்ணா, உங்க ஞாயித்துக்கெழம சொல்லுக்கு ஒரு மேட்டர் மாட்டிக்கினு கீது. குடிபாலா பக்கம் ஒரு பொண்ணு குவாரி குழியில போயிட்டுச்சே, அந்தச் சாவு வூட்டுல இருந்தேன். கன்னிமாரு புடிச்சிக்கினாங்கன்னு ஊரே சொல்லுது. அம்மா அழுவறத பதிவு பண்ணிக்கீறேன், கேட்டுப் பாருங்க. நல்லா இருந்தா எனக்கு ஒரு பிரியாணி.”

அந்தச் சாவு திங்கட்கிழமையே ஆறு வரிச் செய்தியாக வந்திருந்தது. சித்தூரில் டிகிரி இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த ரேவதி. கைவிடப்பட்ட கல்குவாரியின் குழியில் மழைநீர் தேங்கி நிற்கும். ஞாயிறு காலை அங்கே துணி துவைக்கப் போனவள் மூழ்கி இறந்தாள். போலீஸ் விசாரணை. அவ்வளவுதான்.

பதிவு நான்கு நிமிடம் ஓடியது. அந்த வட்டாரத்தில் கல்யாணமாகாத பெண் நீரில் இறந்தால், ஏழு கன்னிமார் அவளைத் தங்களோடு சேர்த்துக்கொண்டார்கள் என்பார்கள். தாயின் பெயர் தேசம்மா. மாந்தோப்புகளில் கூலி வேலை. அவர் குரல் உடைந்து, சேர்ந்து, மறுபடி உடைந்தது.

“தொவைக்கப் போன மடுவுல
கன்னிமாரு கூப்ட்டாங்களா
பெத்தவள ஒரு வார்த்த கேக்காம
நீயாப் போனியேடி கண்ணு
நீயாப் போனியே”

எனக்குச் சிலிர்த்தது. கல்லறையில் அந்தப் பெற்றோர் வெட்டி வைத்த அதே வரி இரண்டாயிரம் ஆண்டு தாண்டி குடிபாலாவில் கேட்கிறது என்று எழுதினேன். ஒப்பாரியின் ஐந்து வரியையும் அப்படியே போட்டேன். பெயர் போடவில்லை. ஆனால் குடிபாலா என்று இருந்தது, போன வாரம் என்று இருந்தது, குவாரிக் குழி என்று இருந்தது. அடுத்த பத்தியிலேயே, இச்சொல் பிற்காலத்தில் பித்து என்ற பொருள் பெற்றது என்றும் எழுதினேன்.

பக்கத்தைப் பார்த்தவர் செய்தி ஆசிரியர். என்னைவிடப் பத்து வயது இளைய பெண். செய்தித் தொழிலில் எனக்குத் தெரிந்ததில் பாதி அவரிடம் கற்றது. சிவப்புப் பேனாவை அந்த ஐந்து வரியின் மேல் நிறுத்தினார்.

“சார், அந்தம்மாகிட்ட கேட்டீங்களா?”

“எதுக்கு? பெயர் போடல.”

“அவங்க உங்களுக்குச் சொன்னதில்லையே இது. பொண்ணுக்குச் சொன்னது.”

“ஒப்பாரிங்கிறது ஊர் கேக்கப் பாடறதுதானேம்மா.”

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பக்கம் அனுப்ப இருபது நிமிடம் இருந்தது. “உங்க பத்தி, நீங்க பாத்துக்குங்க” என்று சொல்லிக் கையெழுத்திட்டார். அந்தக் கையெழுத்தை அவர் பின்னாளில் தன் தவறு என்றார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. தவறு முழுவதும் என்னுடையது.

கட்டுரைக்கு நல்ல வரவேற்பு. திருமலைப் பெரியவர் முதல் தடவையாகத் திருத்தம் இல்லாமல் அட்டை போட்டார். நிருபருக்குப் பிரியாணி வாங்கிக் கொடுத்தேன்.

ஒரு மாதம் கழித்து தேசம்மா பேருந்து பிடித்து அலுவலகத்துக்கு வந்தார். கூடவே இளைய மகள் சுமதி. இன்டர், அதாவது பிளஸ் டூ படிக்கும் பெண். தேசம்மாவுக்கு நாற்பத்திரண்டு வயதிருக்கும். வரவேற்பறை நாற்காலியில் உட்கார மறுத்து நின்றுகொண்டே இருந்தார். கையில் என் கட்டுரையின் ஜெராக்ஸ்.

“இத எய்தினது நீங்களா சார்?”

“ஆமாம்மா.”

“எனுக்குப் படிக்கத் தெரியாது. இவ படிச்சிக் காட்டினா. தப்பா ஒண்ணும் இல்ல, நான் அழுதததான் போட்டுக்கீறீங்க.” ஜெராக்ஸை என்னிடம் நீட்டினார். “இத வச்சிக்கினு அவங்க என் பொண்ண சாவடிச்சிட்டாங்க சார், ரெண்டாவது வாட்டி.”

சுமதிதான் விவரமாகச் சொன்னாள். குழிக்கு வேலி இல்லை, எச்சரிக்கைப் பலகை இல்லை என்று தேசம்மா திங்கட்கிழமை மனு நாளில் கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுத்திருந்தார். வருவாய்க் கோட்டாட்சியரான ஆர்.டி.ஓ.வின் விசாரணைக்கு உத்தரவாயிற்று. குவாரிக் குத்தகைதாரரின் வக்கீல், பெண் தற்கொலை செய்துகொண்டாள் என்றார். கைப்பேசியில் யாரோ பையனோடு பேசுவாளாம், அதை வைத்து ஊரிலும் சிலர் அப்படிப் பேசினார்கள். அதற்கு ஆதாரமாக வக்கீல் கொடுத்தது என் கட்டுரை. தெலுங்கில் மொழிபெயர்த்து இணைத்திருந்தார். நீயாப் போனியே. பித்து. இரண்டின் கீழும் கோடு.

“ஆபீசரு கேட்டாரு, ‘அம்மா, இதி மீரு செப்பிந்தேனா?’ன்னு” என்றார் தேசம்மா. “நான் சொன்னதுதானே. இல்லன்னு எப்டி சொல்வேன்? அவுனு சார்ன்னேன். அழுவும்போது சொன்னது சார்ன்னேன். சரி, உக்காருன்னுட்டாரு.”

எங்கள் பக்கத்தில் ஒப்பாரி எப்படி இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். எண்பது வயதில் மூச்சுத் திணறிச் செத்த கிழவரிடமும், என்ன விட்டுட்டு நீயாப் போனியே என்றுதான் மனைவி அழுவாள். லாரி மோதிச் செத்தவனையும் அப்படித்தான் கேட்பார்கள். செத்தவரோடு சண்டை போடுவதுதான் ஒப்பாரி. அதைக் கேட்டு யாரும் சாவுக்குக் காரணம் எழுதுவதில்லை. எழுதியவன் நான் ஒருவன்தான்.

“வெசாரண வியாழக்கெழம முடியுது சார். நீங்க வந்து ஒரு வார்த்த சொல்லுங்க. இந்தம்மா அழுதத கேட்டு எய்தினேன், இந்தம்மா சாட்சி சொல்லலன்னு. அது போதும்.” அவர் குரல் உயரவே இல்லை. “வேலி போடறாங்களோ இல்லியோ. அவ வுழுந்தா, குதிக்கலன்னு காயிதத்துல வரணும். குதிச்சான்னு எய்திட்டா அவ சாவுக்கு அவளே பொறுப்புன்னு ஆயிடும் சார். நாளைக்கி இவளயும் அப்டித்தானே பேசுவாங்க?”

சுமதி கண்ணாடிக் கதவுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வருகிறேன் என்றுதான் சொன்னேன். அன்று செவ்வாய்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நீங்கள் கவனித்துக் கேட்க வேண்டும். மேலாளர், சம்மன் இல்லாமல் பத்திரிகையிலிருந்து யாரும் விசாரணைக்குப் போகக்கூடாது, அது நிறுவன விதி என்றார். செய்தி ஆசிரியர் என்னைத் தனியே அழைத்து வேறு சொன்னார்.

“நாளைக்கு சித்தூர் செய்திப் பக்கத்துல மேல நாலு வரி போடலாம் சார். நாம வெளியிட்டது தாய் பாடின ஒப்பாரி, மரணத்தின் காரணம் பற்றிய வாக்குமூலம் அல்ல, அப்படிப் பயன்படும்படி வெளியிட்டதற்கு வருந்துகிறோம். அதை எடுத்துக்கிட்டு வியாழக்கிழமை லீவு போட்டுப் போங்க. விதி ஆபீசுக்குத்தான், லீவுல இருக்கறவருக்கு இல்ல.”

“நாலு வரியில ஒப்பாரி மரபைச் சொல்ல முடியாதும்மா. ஞாயித்துக்கிழமை முழுப் பத்தியா எழுதிடறேன். எடுத்துக்காட்டோட.”

“ஞாயித்துக்கிழமைக்கு முன்னாடி வியாழக்கிழமை வருது சார்.”

எனக்கு அது தெரியாமல் இல்லை. வருந்துகிறோம் என்ற சொல் என் பத்தியின் மேல் விழுவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. விளக்கம் எழுதினால் நான் அறிஞன், வருத்தம் தெரிவித்தால் தவறு செய்தவன். கட்டுரையில் ஒரு பிழையும் இல்லையே என்று அவரிடம் வாதாடினேன். முப்பது ஆண்டில் மேலாளர் சொன்ன எதையும் நான் மதித்ததில்லை. அந்த வாரம் மட்டும் அவர் சொன்ன விதியை மதித்தேன்.

வியாழன் மதியம் நிருபர் தொலைபேசியில் பேசினார். உற்சாகம் இல்லை.

“அண்ணா, அந்தம்மா வாசப்பக்கமே பாத்துக்கினு இருந்தாங்க. நீங்க வருவீங்கன்னு ஆபீசர்கிட்ட சொல்லி அர மணி நேரம் நிறுத்தி வச்சாங்க. அப்பறம் முடிச்சிட்டாங்க.”

“நீ சொல்லியிருக்கலாமேப்பா. பதிவு பண்ணது நீதானே?”

“சொன்னேண்ணா. எழுதனவரு யாருன்னு கேட்டாங்க. நான் இல்லன்னுட்டேன்.”

உத்தரவில் இருந்த வரி எனக்கு மனப்பாடம். இறந்தவர் தாமாகவே நீரில் இறங்கியுள்ளார், அவரது மனநிலை குறித்துத் தாயின் கூற்றும் பத்திரிகைச் செய்தியும் உள்ளன, குத்தகைதாரரின் அலட்சியம் நிறுவப்படவில்லை.

ஞாயிறன்று ஒப்பாரி மரபு பற்றிய என் பத்தி வெளிவந்தது. நன்றாக வந்திருந்தது. புத்தூர் ஆசிரியை அதையும் வகுப்பில் படித்தார்.

பிறகு நான் அந்தக் கிரேக்கச் சொல்லை அடிக்கடி நினைத்துப் பார்த்தேன். குறி சொன்னவன், வெறிபிடித்தவன், ஏங்குகிறவன் என்று அதற்கு ஏற்றிய பொருள்களையெல்லாம் ஏற்றியவர்கள் தூரத்தில் நின்று பார்த்தவர்கள். கல்லில் வெட்டி வைத்த தாயும் தகப்பனும் தங்கள் பிள்ளை எப்படிப்பட்டவள் என்று ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. விழுந்தாளா, குதித்தாளா, யாராவது பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டாமா என்று ஊர் கேட்கும் கேள்விகள் அத்தனைக்கும் கதவை அடைத்திருக்கிறார்கள். தேசம்மாவும் அதைத்தான் செய்தார். அந்தக் கதவைத் திறந்து உள்ளே விளக்குப் பிடித்தவன் நான்.

ஓராண்டு கழித்து நிருபர் கூப்பிட்டார். “அண்ணா, அந்தப் பொண்ணுக்குப் பூவாடை எடுக்கறாங்க. உங்களையும் கூட்டிக்கினு வரச் சொன்னாங்க.” இறந்த பெண்ணை நீரிலிருந்து அழைத்து, குடத்தில் ஏற்றி, வீட்டுத் தெய்வமாகக் கொண்டுவந்து வைக்கும் சடங்கு அது. எதற்காக என்னை அழைத்தார் என்று விளங்கவில்லை. இந்தத் தடவை விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன்.

காலை பதினொரு மணி வெயில். குழிக்கு அப்போதும் வேலி இல்லை. பெண்கள் துவைக்கும் இடம் ஒரு சாய்ந்த பாறை. அதன் மேல் கல்தூள் சேறாகப் படிந்து, அதற்கும் மேல் பாசி. செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டடி வைத்தேன். கால் வழுக்கிவிட்டது. பம்பை அடிக்க வந்திருந்தவர் என் கையைப் பிடித்து இழுத்தார்.

“பாத்து சாமி. இங்க நிக்க முடியாது.”

அந்த இடத்துக்குப் போய் இரண்டு நிமிடம் நின்றிருந்தால் இது எனக்கு ஓராண்டுக்கு முன்பே தெரிந்திருக்கும். சித்தூரிலிருந்து அரை மணி நேரத் தொலைவு.

கரையில் ஏழு கல் நட்டு மஞ்சள் பூசியிருந்தார்கள். புதுப் பாவாடை, வளையல், பூ. பம்பைக்காரர்கள் பாடி அழைக்க அழைக்க சுமதிக்கு உடம்பு உதறியது. இரண்டு பெண்கள் அவளைப் பிடித்துக்கொண்டார்கள். தேசம்மா முன்னால் போய் நின்றார்.

“யாரு வந்துக்கீறது?”

“நான்தாம்மா.”

“எப்டிடி போன? நீயா போனியா?”

“கால் வழுக்கிடுச்சிம்மா. பாவாடை தண்ணில போச்சி. புடிக்கலாம்னு குனிஞ்சேன்.”

பம்பை நின்றுவிட்டது. சுமதி தாயின் தோளில் சரிந்தாள். தேசம்மா அவளை அணைத்தபடியே கூட்டத்தில் என்னைத் தேடினார்.

“எய்திக்கினியா சார்?”

என் கையில் பேனா இல்லை. சட்டைப் பையிலிருந்து அதையும் சிறு நோட்டையும் எடுத்தேன். ஒப்பாரியைச் சாட்சியமாக ஏற்ற விசாரணை இதை ஏற்காது என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். தேதி, இடம், நேரம் போட்டு, சுமதி வாயிலிருந்து வந்ததை எழுதினேன். படித்துக் காட்டச் சொன்னார். காட்டினேன். மறுபடியும் படிக்கச் சொன்னார். படித்தேன்.

பிறகு மகளை மற்றவர்களிடம் விட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நோட்டைப் பார்த்துக்கொண்டே, நிதானமாகச் சொன்னார்.

“இதயும் எய்திக்கோ. பதினோரு துணி எடுத்துக்கினு வந்தா. நாங்க வந்து பாக்கறப்போ ஒம்போது துணி தொவச்சி, புழிஞ்சி, அதோ அந்தப் பாறை மேல காயப் போட்டு இருந்திச்சி. ஒண்ணு சோப்பு போட்டபடி கெடந்திச்சி. ஒண்ணு தண்ணில. அன்னிக்கி ஆபீசரு ஒண்ணுதான் கேட்டாரு, இத யாரும் கேக்கல.” பாறையைக் காட்டிய கையை இறக்கவில்லை. “சாவப் போற பொண்ணு ஒம்போது துணி தொவச்சி காயப் போட்டுட்டா சார் போவா?”